தெற்குத் தெரு வீட்டை என்ன செய்யலாம்? உங்கள் வாத்தியாரின் கருத்து



இது நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் என்று நீங்கள் என்னைக் கேலி பேசியதெல்லாம் எனக்குத் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு போன். சிங்கப்பூரிலிருந்து. அங்கே நடுராத்திரி. 1991-ல் என்னிடம் பத்தாவது படித்த பையன். பையன் என்றா சொன்னேன், அவனுக்கே ஐம்பதை நெருங்குகிறது.

"சார், தெற்குத் தெரு வீட்டைக் கொடுத்துடலாம்னு பங்காளிக எல்லாம் பேசி முடிச்சாச்சு. ரெண்டு கையெழுத்துதான் பாக்கி. அதுல ஒண்ணு என்னுது. நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"யாருக்குடா கொடுக்கிறீங்க? குடியிருக்கவா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னான். முதலில் தூண்கள், கதவு நிலைகள். அடுத்து உத்தரம், சட்டம், ஓடு. அதற்கப்புறம் கல். கடைசியில் மனை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆள். கன அடி இவ்வளவு என்று கணக்குப் போட்டாயிற்று.

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுதுறேன்ப்பா" என்றேன். "எல்லாரும் பார்க்கிற மாதிரியே எழுதுங்க சார், பேர் மட்டும் வேண்டாம்" என்றான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்க்காரர்களுக்கு எந்த வீடு என்று தெரியும். மற்றவர்களுக்கு, காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருக்கிற நூற்றுக்கணக்கான பெரிய வீடுகளில் ஒன்று என்று தெரிந்தால் போதும்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு "வாத்தியாருக்கு இதில் என்ன பாத்தியதை" என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த வீட்டில் எனக்கு ஒரு செங்கல்கூடப் பங்கு கிடையாது. என் அப்பா அங்கே கணக்குப்பிள்ளை. 1947-ல் வேலைக்குச் சேர்ந்தார். முகப்பில் வலது பக்கம், சாய்வு மேசை, பேரேடு, மைக்கூடு. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுவேன். அவ்வளவுதான் எனக்கு அனுமதி. திண்ணை, மிஞ்சினால் முகப்பு. வளவுக்குள் எட்டிப் பார்த்ததற்காக ஒருமுறை அப்பாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

வீட்டின் அமைப்பு தெரியாத வெளியூர் மருமகள்கள், பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இந்த வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இடையில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வரிசையாகப் போகும். முகப்பு ஆண்களுக்கும் வியாபாரத்துக்கும். வளவு என்பது நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். மகன் ஒவ்வொருவனுக்கும் கல்யாணம் ஆனதும் ஓர் அறை. கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி. கோயில் வரிகூடப் புள்ளிக் கணக்கில்தான். ஒரே கூரைக்குக் கீழே ஐந்தாறு புள்ளிகள், அடுப்பு மட்டும் தனித்தனி. பின்கட்டு பெண்களுக்கு.

மழைத் தண்ணீருக்கு அவர்கள் செய்திருக்கிற ஏற்பாட்டை இன்றைக்கும் நான் நின்று பார்ப்பதுண்டு. நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். முதல் மழை ஓட்டைக் கழுவிவிட்டுப் போகும். அடுத்த மழையை அண்டாவில் பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்துக் கல் மதகு வழியாக வெளியே போய் ஊருணியில் சேரும். வெயில் கொளுத்துகிற இந்த வறண்ட சீமையில் மழையை வீட்டுக்குள்ளே வரவழைத்துக் கும்பிட்டு அனுப்புகிற வீடு. இப்போது நாம் கட்டுகிற வீட்டில் ஒரு தூறல் விழுந்தால் பால்கனிக் கதவைச் சாத்த ஓடுகிறோம்.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

"முன்னோர் கட்டினது, அப்படியே வைக்கணும்" என்று பலரும் சொல்கிறார்கள். நானும் மேடையில் அப்படிப் பேசியவன்தான். வரலாற்று வாத்தியார் வேறு எப்படிப் பேசுவார்? ஆனால் இந்த ஒரு வாரமாக யோசித்ததில், 'அப்படியே' என்பது எந்த வருஷத்து அப்படியே என்று எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்த வீடு ஒருநாளும் ஒரே வேலையைச் செய்ததில்லை.

அது கட்டப்பட்டது பர்மாப் பணத்தில். பர்மாத் தேக்கு, ஜப்பான் ஓடு பதித்த சுவர், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று நாம் பெருமை பேசுவோம். பணம் எப்படி வந்தது என்பதையும் பேச வேண்டும். 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. கடை என்றால் வட்டிக்கடை. ஐராவதிக் கழிமுகத்தில் காடு வெட்டி வயலாக்கிய பர்மிய விவசாயி அங்கேதான் கடன் வாங்கினான். 1929-க்குப் பிறகு உலகமெல்லாம் மந்தம் வந்தது, நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை. ஈடாக இருந்த நிலம் கடைக்காரர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்களிடம் இருந்த விளைநிலம் 6 சதவீதம். எட்டே வருஷத்தில் அது 25 சதவீதம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை, பணமாகத் திரும்பி வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் நிலத்தை இழந்த பர்மியனுக்கு அந்த வித்தியாசம் என்ன புரியும்?

1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தும் ஓடி வந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் நில தேசியமயச் சட்டம் வந்தது. மிச்சம் மீதி இருந்ததும் 1964-க்குள் போயிற்று. அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது பர்மாக் கணக்கு ஏற்கெனவே வராக் கணக்கு. வராத பணத்துக்கு வருஷா வருஷம் வட்டி எழுதி வைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்பா பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு மாதிரிதான் இருக்கும்.

ஆக, வட்டிக்கடையின் தலைமை வீடு என்கிற முதல் வேலை, வீடு கட்டி இருபது வருஷத்திலேயே முடிந்துபோயிற்று. அப்புறம் பர்மாவிலிருந்து ஓடிவந்த உறவுக்காரர்கள் தங்கிய இடம். அதன் பிறகு ஐம்பதுகளில் முகப்பை ஒட்டிய அறைகளில் நெல் மூட்டை. அறுபதுகளில் கொஞ்ச காலம் தபாலாபீஸ். திண்ணைத் தூணில் சிவப்புப் பெட்டி தொங்கியது பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும்.

இப்போது நான் சொல்லப் போவதை, என் பழைய மாணவர்களில் ஒரு நாற்பது பேர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

1977 நவம்பர் புயல். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். நம் பள்ளிக்கூடத்து மேற்கூரை பறந்துபோயிற்று. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு இடமில்லை. தலைமையாசிரியர் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார். கடைசியில் தெற்குத் தெரு ஆச்சியிடம் போனோம். ஆச்சி வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றே பேசினார்கள். "வளவையும் ரெண்டாங்கட்டையும் எடுத்துக்கங்க. அடுப்படிப் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடாதீங்க, கிணறு இருக்கு." அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இருபத்தாறு வயதில், கையில் சாக்பீஸ் டப்பாவோடு, அந்த வளவுக்குள் முதல்முறையாகக் கால் வைத்தேன். குட்டு வாங்கிய அதே நிலைப்படி. என்னோடு அறுபது எழுபது பிள்ளைகள். அதில் காலனிப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். அவர்களுடைய அப்பாக்கள் அந்த வீட்டு விசேஷத்துக்கு விறகு பிளந்தவர்கள். பின்வாசல் தெருவில் நின்று கூலி வாங்கிக்கொண்டு போவார்கள், திண்ணையில்கூட உட்கார்ந்தது கிடையாது. அந்தப் பிள்ளைகள் பளிங்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஹர்ஷர் காலத்தைப் படித்தார்கள். முதல் நாள் ஒருத்தனும் தூணில் சாயவில்லை. நான் கவனித்தேன். சாயலாமா கூடாதா என்று தெரியவில்லை பாவம். நாலாம் நாள் ஒருத்தன் சாய்ந்தான். மறுநாள் எல்லாத் தூணுக்கும் ஒரு ஆள்.

குடும்பத்தில் முணுமுணுப்பு வந்தது. வராமல் இருக்குமா? ஆச்சி ஒரே வார்த்தை சொன்னதாக அப்பா சொன்னார்: "படிக்க வந்த புள்ளைகளை எந்திரின்னு சொல்ல எனக்கு வாய் வராது." இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் அங்கே நடந்தது. வாடகை கிடையாது. ஆச்சியே நாலு தண்ணீர்ப் பானை வாங்கி வைத்தார்கள். எல்லாரும் ஒரே டம்ளரில் குடித்தோமா என்றால், அதை ஆச்சி கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், எந்த 'அப்படியே'? நான் குட்டு வாங்கிய காலத்து அப்படியேவா? அது எனக்கு வேண்டாம். அந்த வீட்டைக் கட்டியவர் நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு வேலையைத்தான் அந்த வீடு ரொம்ப நல்லதாகச் செய்தது என்பது என் கருத்து. வேலை மாறினால் வீடு கெட்டுவிடும் என்று நம்புகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

வீடு கெட்டது எப்போது தெரியுமா? பூட்டின பிறகு. ஆச்சி 1994-ல் போனார்கள். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை படைப்புக்கு வந்தார்கள். பிறகு கல்யாணத்துக்கு மட்டும். பிறகு கல்யாணமும் சென்னை மண்டபத்துக்குப் போய்விட்டது. ஆள் இருக்கிற வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் அன்றைக்கு ராத்திரியே சோற்றுத் தட்டில் சொட்டும், மறுநாள் ஆளைக் கூப்பிடுவார்கள். பூட்டின வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் மூன்று மழைக்காலம் யாருக்கும் தெரியாது. தண்ணீர் முதலில் சட்டத்தின் முனையில் இறங்கும், பிறகு சுவரின் தலையில். சுண்ணாம்புச் சுவர் வெயிலைத் தாங்கும், ஆளை தாங்கும், தலையில் நின்று இறங்குகிற தண்ணீரை மட்டும் தாங்காது. கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி, கண்ணாடி மாதிரி முகம் தெரியத் தேய்த்த சுவர், உள்ளிருந்து உப்பி அப்பளமாக உதிரும். அந்த உதிர்ந்த இடத்தில் காக்கை போட்ட அரச விதை முளைக்கும்.

பங்காளிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனிதர் கட்டினார். அவருக்கு நாலு மகன்கள். நாலு பதினொன்றாகி, பதினொன்று இன்றைக்கு முப்பத்தொன்றாகி நிற்கிறது. சிங்கப்பூர், சென்னை, கோயம்புத்தூர், டல்லாஸ், மெல்போர்ன். ஒரு ஓடு மாற்ற முப்பத்தொரு பேரைக் கேட்க வேண்டும் என்றால் யார் மாற்றுவார்கள்? நான் மாற்றினால் நாளைக்கு என்னை உரிமை கொண்டாடுகிறான் என்பார்கள். மாற்றாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் சொந்தம் என்றால் யாருக்கும் வேலை இல்லை என்று ஆகிவிடுகிறது.

என்னுடைய இன்னொரு மாணவன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். அந்தத் தெருவே அப்படிப்பட்ட கடைகள்தான், உங்களுக்குத் தெரியும். எனாமல் கிண்ணம், பொம்மை, கடிகாரம், பெட்டகம், நிலைக்கதவு, தூண். சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். கோபமாகத்தான் போனேன்.

"உட்காருங்க சார், டீ சொல்லவா" என்றான். பிறகு அவனே ஆரம்பித்தான்: "சார், நீங்க திட்ட வந்திருக்கீங்க. திட்டுங்க. ஆனா நான் ஒரு வீட்டையும் இடிக்கலை. விழப் போறதைத்தான் எடுக்கிறேன். நான் எடுக்கலைன்னா அது மண்ணுக்குள்ள போகும். எங்கிட்ட வந்தா எவனோ ஒருத்தன் துடைச்சு வச்சுப் பார்ப்பான்."

பதில் சொல்ல முடியவில்லை. ஓரளவு உண்மை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று 1996-ல் திறந்தார்களே, அங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் உங்களில் சிலரை நானே கூட்டிப் போயிருக்கிறேன். பிரித்ததால் பிழைத்த வீடு அது. ஆனால் எத்தனை வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை? அவன் கடையிலேயே பார்த்தேன், ஒரு நிலைக்கதவு மேல் கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது. லட்சுமி செதுக்கிய பலகை மேல் நாளைக்கு யாரோ ஒருவர் சாம்பார் வாளியை வைக்கப் போகிறார்.

புறப்படும்போது அவன் ஒன்று சொன்னான். "உண்மையைச் சொல்லட்டுமா சார்? ஒரு தூணுக்கு நாங்க கொடுக்கிற காசை வச்சு, அதே மாதிரி ஒண்ணைச் செதுக்க இன்னைக்குக் கூலிகூடக் கொடுக்க முடியாது." வியாபாரியே சொல்கிறான். பங்காளிகள் முப்பத்தொரு பேரும் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். முப்பத்தொன்றால் வகுத்தால் தலைக்கு என்ன வரும் என்று சிங்கப்பூர்ப் பையனே கணக்குப் போட்டுச் சொன்னான். எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் பையனுக்கு ஒரு வருஷப் பள்ளிக் கட்டணத்துக்குப் போதாதாம்.

சில வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு பதிவு போட்டேன். பெரிய வீடுகளை ஓட்டலாக்குகிறார்கள், படைப்பு நடந்த இடத்தில் பணம் கொடுத்தவன் செருப்புக் காலோடு நடக்கிறான் என்று கொதித்திருந்தேன். நிறையப் பேர் "சரியாச் சொன்னீங்க சார்" என்றீர்கள். அந்தப் பதிவை இன்றைக்கு வாபஸ் வாங்குகிறேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி.

ஏன் என்றால், சுற்றிலும் கண்ணைத் திறந்து பாருங்கள். எந்த வீட்டில் ஓடு ஒழுகாமல் இருக்கிறது? கானாடுகாத்தானில் தகப்பன் மகளுக்காகக் கட்டிய விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், இரண்டும் இன்றைக்குத் தங்கும் விடுதிகள். கோத்தமங்கலம் சாரதா விலாசை எடுத்துச் சீர்படுத்தி விருந்தினர் இல்லமாக நடத்தியவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள். நம் வீட்டுச் சுண்ணாம்பின் அருமை பாரிஸ்காரனுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் போனதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது உண்டு. காரைக்குடியில் 'பங்களா' இருக்கிறதே, அது முன்பு ஆண்கள் கூடிப் பேசிச் சீட்டாடிய இடம். இன்றைக்கு ஆச்சிமார் சமையலைச் சாப்பிட உலகத்தின் மூலைகளிலிருந்து வருகிறார்கள். ஆத்தங்குடி லட்சுமி வீட்டைக் கட்டணம் வைத்துத் திறந்து காட்டுகிறார்கள், சினிமாவுக்கும் விடுகிறார்கள்.

சினிமா என்றதும் ஒரு சின்னக் குறை. எந்தப் படத்தில் பார்த்தாலும் இந்த வீடு வில்லன் வீடு, இல்லாவிட்டால் சவுக்கு வைத்திருக்கிற ஜமீன்தார் வீடு. செட்டியார்கள் வியாபாரிகள் ஐயா. கையில் வைத்திருந்தது பேரேடு. சவுக்கைவிட அது அதிகம் வலித்திருக்கலாம், அது வேறு கதை.

ஓட்டலுக்கு விட்டதால் இன்னொன்றும் நடந்தது. அது என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்களுக்கு வேலை வந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் காய்ந்த கலவை, அதற்கு மேல் ஈரக் கலவை வைத்து அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்காக ஊறப்போட்டு எடுக்கிற அந்தக் கைவேலை, எண்பதுகளில் தடுமாறியதை நானே பார்த்திருக்கிறேன். மொசைக் வந்தது, பிறகு வழவழப்பான டைல்ஸ் வந்தது. என் மாணவர்கள் மூன்று பேர் அந்த வேலையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். ஒருவன் திரும்பி வந்திருக்கிறான். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாரை இப்போது தேடினால் ஆள் கிடைக்கிறது. அவர்களைச் சாகாமல் வைத்தது எந்தச் சட்டமும் இல்லை. 2012-ல் பாரம்பரிய ஆணையத்துக்குச் சட்டம் வந்தது. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பட்டியல் ஏணி வைத்து ஏறி ஓடு மாற்றாது.

மீதிக் கால்வாசி என்ன என்று கேட்பீர்கள். ஓட்டலாகிப்போன வீட்டுக்குள் நம் ஊர்க்காரனால் காபி குடிக்க முடிவதில்லை. ஒரு ராத்திரி வாடகை இங்கே ஒரு கொத்தனாரின் பல நாள் கூலி. 1977-ல் திறந்த கதவு மறுபடி சாத்திக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தடவை காவலுக்கு ஜாதி இல்லை, விலைப்பட்டியல் நிற்கிறது. அதனால் ஓட்டல் ஒன்றே வழி என்று நான் சொல்ல மாட்டேன்.

கோட்டையூர் ரோஜா முத்தையா வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பலகை எழுதுகிற மனிதர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்த்துத் தன் வீடு முழுக்க வைத்திருந்தார். ஆராய்ச்சிக்காரர்கள் அவர் வீட்டைத் தேடி வந்து சாப்பிட்டுத் தங்கிப் படித்துவிட்டுப் போனார்கள். 1992-ல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் 1994-ல் நூலகமாக்கியது. புத்தகங்கள் பிழைத்தன. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் கோட்டையூருக்குப் போக வேண்டிய அவசியம் அதோடு போயிற்று. ஒரு வீட்டுக்கு ஊரை உலகத்தோடு சேர்க்கிற வேலையைக் கொடுக்க முடியும் என்று காட்டியவர் ஒரு தனி மனிதர், அதுவும் பெரிய பணக்காரர் இல்லை.

சரி, சிங்கப்பூர்ப் பையனுக்கு என் பதில். கையெழுத்துப் போடாதே.

இது மட்டும் சொன்னால் நான் பொறுப்பில்லாத ஆள். போடாமல் என்ன செய்வது என்பதையும் சொல்கிறேன், சரியா தப்பா என்று நீங்கள் சொல்லுங்கள். முகப்பையும் வளவையும் பதினைந்து வருஷத்துக்குக் குத்தகைக்கு விடுங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம், பதிவு செய்த பத்திரமாக. நம் பக்கத்தில் ஒரு வீட்டை ஓர் அலுவலகத்துக்கு வாய்ப்பேச்சில் விட்டு, அவர்கள் வாடகையும் தராமல், காலியும் செய்யாமல், வளவு முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டு மூடிய கதையை நான் பார்த்தவன். படைப்பு அறையையும் இரண்டாம் கட்டையும் குடும்பத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்காரர் வந்தால் விடுதி. வராவிட்டால் கல்யாண மண்டபம். நம் ஊரில் மண்டபம் இல்லாமல் இன்னமும் ரோட்டில் பந்தல் போடுகிறோம். எதற்கு விட்டாலும் முகப்பில் வலது பக்கம், என் அப்பா உட்கார்ந்த இடம், ஊர்ப் பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிக்கிற இடமாக இருக்கும் என்று பத்திரத்தில் ஒரு வரி சேருங்கள். இதில் என் சுயநலம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் இருக்கிற புத்தகங்களை எங்கே வைப்பது என்று என் மனைவி பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் விமானம் ஏற வேண்டாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி ஒருவர் பேரில் பவர் பத்திரம் அனுப்பினால் போதும். முப்பத்தொரு பேரைக் கேட்க வேண்டிய ஓட்டை மாற்ற, மூன்று பேரைக் கேட்டால் போதும் என்று ஆக்குங்கள். இந்த ஒரு காரியம் நடந்தால் மற்றது தானாக நடக்கும்.

இன்னொன்று. பையா, அந்த முப்பத்தொரு பேர் பட்டியலை நீ எனக்கு அனுப்பினாயே, அதில் ஒரு பெண் பேர்கூட இல்லை. ஏன்? 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுதும் வந்துவிட்டது. யார் யாருக்கு எவ்வளவு என்பதை வக்கீல் சொல்லட்டும். சீர் கொடுத்தாயிற்று, முடிந்தது என்று நீங்களாகவே கோடு போடாதீர்கள். உன் பெரியப்பா மகள் ஒருத்தி, 1984-ல் என்னிடம் படித்தவள், மூன்று வருஷமாக ஐப்பசிக்கு முன்னால் காவல்காரர் பேருக்கு ஓடு மாற்றப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். வளவின் வடக்குப் பக்கம் இன்றைக்கும் நிற்கிறது என்றால் அந்தப் பணத்தால்தான். உங்களில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டாளாம். அவர் என்னிடம் சொன்னார், நான் இப்போது உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அம்மா, கோபித்துக்கொள்ளாதே. விற்கக் கையெழுத்துக் கேட்கும்போது உன் நினைவு வராதவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

"எங்க வீட்டு விஷயத்துல கணக்குப்பிள்ளை மகனுக்கு என்ன பேச்சு" என்று யாராவது கேட்டால், கேட்கட்டும். பர்மாவில் கடன் வாங்கியவன் பணம், பின்வாசலில் கூலி வாங்கியவன் உழைப்பு, கடுக்காய் அரைத்த பெண்களின் கை, எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறது. பத்திரத்தில் பேர் உங்களுடையது, நான் மறுக்கவில்லை. கருத்துச் சொல்லத்தான் வந்தேன்.

கடைசியாக ஒரு அவசர வேலை. ஐப்பசி பிறக்க இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. விற்கிறதோ விடுகிறதோ, அதற்கு முன்னால் மழை வந்துவிடும். நேற்றுப் போய்ச் சுற்றிப் பார்த்தேன். வளவில் தெற்குப் பக்கம் ஆறேழு இடத்தில் வானம் தெரிகிறது. கிழக்குச் சுவரில் அரசங்கன்று ஒன்று இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது, வேரோடு எடுக்காவிட்டால் இந்த மழைக்குச் சுவரைப் பிளக்கும். முற்றத்து மதகு குப்பையால் அடைத்துக் கிடக்கிறது. காவல்காரருக்கு எழுபது வயது, அவரை ஏறச் சொல்ல முடியாது. 1978, 79-ல் அங்கே படித்தவர்கள் யாராவது ஊர்ப்பக்கம் இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள். அரிவாளும் கடப்பாரையும் கொண்டுவாருங்கள். கொத்தனாருக்குச் சொல்லிவிட்டேன், பழைய நாட்டு ஓடு இருநூறு பின்கட்டில் அடுக்கியிருக்கிறது. ஏணி என் வீட்டில் இருக்கிறது. ஏறுவதற்குத்தான் ஆள் வேண்டும், என்னை ஏற விட மாட்டேன் என்று இங்கே ஒருத்தி நிற்கிறாள்.